ஓணத்துக்கு எடுத்த தடித்த புத்தகம்

இன்று காலை மழை முழுவதுமாக விட்டிருந்தது. பஜார் ரோட்டிலிருந்து உன் சந்துக்குத் திரும்புகிற இடத்தில், கிடங்கு முற்றத்தில் பாய் விரித்துச் சுக்கைக் காயப்போட்டிருந்தார்கள். மழைக்காலம் முழுக்க மூட்டைக்குள் புழுங்கிக் கிடந்தது, வெயில் பட்டதும் ஒரேயடியாக மணம் விட்டது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் கால் நின்றுவிட்டது. அது உன் மாடி அறையின் மணம். உன் தலையணை உறையிலும் சேலையிலும் நாம் வாசித்த புத்தகங்களின் தாள்களிலும் அது ஏறியிருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். உன் ஜன்னல் சாத்தியிருந்தது.

நாளை அத்தம், பத்து நாள் ஓணத்தின் முதல் நாள். நீ இல்லாமல் வருகிற மூன்றாவது ஓணம். உனக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து, நலம் விசாரிக்க முடியாத ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுந்திருக்கிறேன். அது ஒரு சாக்குதான். நான் செய்ததை எழுதாமல் உனக்கு ஒரு வரியும் எழுத முடியாது. அதனால்தான் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நம்மைப் பழக வைத்தது ஒரு பூட்டிய அலமாரி. என் வீட்டுக்காரருக்கு இங்கே மிளகு ஏற்றுமதி செய்கிற ஆபீஸில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. தீபாவளி வந்தது. சந்தில் ஒரு வெடிச்சத்தம் கிடையாது. எல்லாரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு தமிழ்ப் புத்தகமாவது கையில் இருந்தால் போதும் என்று வாசகசாலைக்குப் போனேன். அங்கே தமிழுக்கு ஒரே ஒரு இரும்பு அலமாரி. அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மலையாளம் வராது, அவர்களுக்கு என் தமிழ் புரியவில்லை. மேசை ஓரம் மலையாள வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த நீ எழுந்து வந்தாய்.

"தீபாவளி அன்னைக்கு ஒரு தமிழத்தி வந்து புக்கு கேக்கறா, சாவி இல்லேன்னா சொல்றது?" என்று எனக்காகத் தமிழிலும், பிறகு அவர்களுக்காக மலையாளத்திலும் சண்டை போட்டாய். சாவி ஒரு பழைய பேனா டப்பாவில் கிடைத்தது. அலமாரியில் எண்பது புத்தகங்கள் இருக்கும். நான் ஆசையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாய்.

"இது என்ன கதையாக்கும்?"

"மேலேயே போட்டிருக்கே."

"எனக்குப் பேசத்தான் தெரியும். எழுத்து தெரியாது. மூணு தலமுறையா இங்கல்லே இருக்கோம். நான் படிச்சது மலையாளம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ எடுத்துட்டுப் போறதை எனக்கும் வாசிச்சுக் காட்டுவியா?" என்றாய்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு உன் மாடிக்கு வந்தேன். நீ சாயா போட்டு வைத்திருந்தாய். நமக்கு ஒரே வயது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது சாயாவில் 'வாடீ, போடீ' என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

அங்கன்வாடியில் இருபது குழந்தைகளைக் காலையிலிருந்து மேய்த்துவிட்டு வருகிற உனக்கு, மூன்று மணிக்கு யாராவது உனக்குக் கதை சொல்லவேண்டும். போர்ட் கொச்சியில் சின்ன ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும், காலை ஷிப்டே கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அந்த மூன்று மணிதான் காரணம். தினமும் வர முடியாது. ஆனால் பண்டிகை என்றால் தவறாது. பண்டிகைக்கு ஒரு புத்தகம். உன் ஊர்ப் பண்டிகைக்கு நான் தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசிக்கவேண்டும். என் ஊர்ப் பண்டிகைக்கு நீ மலையாளத்தில் ஒன்றை எடுத்து எனக்கு வாசிப்பாய். கிறிஸ்துமஸும் ரம்ஜான் நோன்பும் பொது, அதற்கு மட்டும் சண்டை போட்டு முடிவு செய்வோம்.

முதல் ஓணத்துக்கு நான் விருந்தும் ஊஞ்சலுமாக ஒரு கதையைக் கொண்டுவந்தேன். நீ பத்துப் பக்கம் கேட்டுவிட்டுக் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினாய்.

"பண்டிகைக்கு எடுக்கற கதை பண்டிகையைப் பத்தி இருக்கப்படாதுடீ. பண்டிகைக்கு அடியில என்ன இருக்கோ, அதைப் பத்தி இருக்கணும். ஓணம்னா என்ன? ஊரை விட்டு அனுப்பிச்ச ஒருத்தன் வருஷத்துக்கு ஒருக்கா வந்து, எல்லாரும் நன்னா இருக்காளான்னு பார்த்துட்டுப் போறான். அவன் பார்க்கற மாதிரி ஒரு கதை எடு."

நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. அதற்குப் பிறகு நமக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பொங்கலுக்கு நீ எடுத்தது வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. "விளைஞ்சாத்தானே சண்டை" என்றாய். கிறிஸ்துமஸுக்கு நான் பனி விழுகிற தேசத்துக் கதை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஜன்னல் வழியே எதிர் வீட்டில் தொங்கிய காகித நட்சத்திரத்தையும் அதன் கீழே வெற்றுடம்போடு விசிறிக்கொண்டிருந்த சேட்டனையும் காட்டி, "இங்க எங்கடீ பனி?" என்று சிரித்தாய். கடைசியில், கர்ப்பிணி மனைவியோடு வாடகை வீடு தேடி வீடு வீடாக அலைகிற ஒரு பஸ் கண்டக்டரின் கதையை எடுத்தோம். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிப் பூஜைக்கு வைத்துவிட்டால் இரண்டு நாள் தொடக்கூடாது. அந்த இரண்டு நாளும் முந்தைய வருடத்துக் கதைகளை நினைவிலிருந்து சொல்லவேண்டும் என்பது உன் சட்டம். நான் எதையாவது மறந்தால் அபராதமாகச் சாயா போடவேண்டும்.

நோன்பு மாதங்களில் அடுத்த வீட்டு இத்தாவும் வந்து சேர்ந்துகொள்வார். இத்தாவுக்குத் தமிழ் பேச வராது, கேட்டால் முக்கால்வாசி புரியும். மதியம் தூக்கம் வராமல் நேரம் போகவேண்டும் என்பதுதான் அவருக்கு. ஒரு வருடம் நான் யோசிக்காமல் எடுத்த நாவலில் மூன்றாவது பக்கத்திலேயே கல்யாணச் சமையல் ஆரம்பித்துவிட்டது. நெய்ச்சோறு தாண்டி மீன் பொரிக்கிற இடம் வந்ததும் இத்தா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்து மோளே, நிறுத்து! நோன்பு முறிஞ்சு போகும்" என்று அலறினார். நீ கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாய். அதிலிருந்து நோன்புக்கு எடுக்கிற புத்தகத்தை நான் முதலில் ஒரு முறை தனியாக வாசித்து, சமையல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவேன்.

முதல் ஆறு வருடத்தில் உன் குரலைக் கேட்டுக் கேட்டே நான் மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். உனக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தருகிறேன் என்று ஒரு முறை சிலேட்டு வாங்கி வந்தேன். நீ 'அ' எழுதிப் பார்த்துவிட்டுச் சிலேட்டை அங்கன்வாடிக்குக் கொண்டுபோய்விட்டாய்.

"நீ இருக்கறச்சே எனக்கு எழுத்து எதுக்குடீ? நீ வாசிச்சாப் போறும்."

இதை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். இன்றைக்கு என்னை மிகவும் அறுக்கிற வாக்கியம் இதுதான்.

விஷு முடிந்ததிலிருந்து உனக்கு வயிற்று வலி. கேஸ் என்றாய், பெருங்காயம் கரைத்துக் குடித்தாய். இரண்டு மாதத்தில் உடம்பு பாதியானது. தேவராவில் இருக்கிற உன் மகள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வந்தாள். கர்க்கடகம், எங்கள் ஊர் ஆடி, பிறந்த வாரத்தில், மழையில் நனைந்துகொண்டு அவள் என் ஹோட்டலுக்கு வந்தாள். வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, யாரோ அறை கேட்க வந்தவளைப் போல மெல்லப் பேசினாள்.

"சித்தி, ஓணம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்றார். அதைத் தாண்டினா பெரிய விஷயமாம். அம்மைக்குத் தெரியண்டாம். நீங்களும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

நான் அவள் கையைப் பிடித்தேன். அதுதான் சத்தியம். நியாயமாகத்தான் பட்டது. உனக்குத் தெரியாமல் இருந்தால் நீ நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது என்பதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து நான் உனக்கு எடுத்து வந்த புத்தகங்களை நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது பக்கக் குறுநாவல். ஒரே உட்காரலில் முடிகிற சிறுகதைகள். எல்லாவற்றிலும் கடைசியில் யாராவது யாரையாவது மன்னிப்பார்கள், இல்லையென்றால் தொலைந்த பிள்ளை திரும்பி வந்துவிடும். நீ தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பாய். ஒரு நாள் வாசித்து முடித்ததும் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விரலால் அதன் தடிமனை அளந்து பார்த்தாய்.

"என்னடீ, எல்லாம் மெலிஞ்சு போச்சு? நானும் மெலிஞ்சேன், புக்கும் மெலிஞ்சுது."

"இப்ப வர்ற புத்தகமெல்லாம் இப்படித்தான் இருக்கு. யாரு பெரிசா எழுதுதா?"

"அப்படியா?" என்று என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். "ஓணத்துக்கு உன் முறைதானே? தடியா ஒண்ணு எடுத்துட்டு வா. தலைக்கு வெச்சுப் படுக்கற மாதிரி இருக்கணும்."

வாசகசாலை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நாவல் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் குடும்பம் ஒன்று. மூத்தவன் கப்பலேறிப் போய்விட்டான், வருடத்துக்கு ஒரு முறை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவான். ஒவ்வொரு முறை வரும்போதும் வீடு வேறு மாதிரி ஆகியிருக்கும். உன் ஓணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. பதிவேட்டில் எழுதிவிட்டு வெளியே வந்து, படியில் நின்று கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் வாசித்தால் இருபது நாளுக்கு மேல் ஆகும். உனக்கு இருபது நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு நீ போய்விடக்கூடாது என்று முடிவு செய்தேன். திருவோணத்துக்குள் முடித்துவிடவேண்டும்.

அத்தத்தன்று ஆரம்பித்தோம். கீழே சந்துப் பிள்ளைகள் பூக்களம் போடுகிற சத்தம் கேட்டது. முதல் நாள் ஒழுங்காக முப்பது பக்கம் வாசித்தேன். இரண்டாம் நாள் நீ கண்ணை மூடியிருந்தபோது, ஒரு தாளைத் திருப்புகிற இடத்தில் ஐந்தாறு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். வாக்கியம் எப்படியோ பொருந்திவிட்டது. நீ கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அத்தியாயத்தையே விட்டேன். பிறகு பழகிவிட்டது. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து எங்கிருந்து எங்கே தாவலாம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வர ஆரம்பித்தேன். நோன்பு மாதத்தில் இத்தாவுக்காக முன்கூட்டி வாசித்துப் பார்ப்பேனே, அதே கவனத்தோடு. உனக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் என்னால் இதைச் செய்ய முடிந்தது. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உன் முகத்துக்கு நேரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

ஏழாம் நாள், மூலம். மூத்தவன் மூன்றாவது முறை ஊருக்கு வருகிற இடம். வீட்டில் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். யார் யார் எங்கே நின்றார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"அந்த நொண்டி ஆடு எங்கடீ?"

"எந்த ஆடு?"

"சின்னவ வளத்தாளே, கால் ஒடிஞ்ச ஆடு. அவ எங்க போனாலும் பின்னாலேயே போகும்னு முதல் நாள் வாசிச்சியே. இப்ப எல்லாரும் வாசல்ல நிக்கறா, ஆட்டை மட்டும் காணோம். என்னாச்சு அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. நான் விட்ட பக்கங்களில் அந்த ஆட்டுக்கு ஏதோ ஆகியிருந்தது. "எங்கயாவது மேயப் போயிருக்கும்" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"நீ எத்தனை பக்கம் விட்டே?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு வாசிக்கத்தான் தெரியாது, கேக்கத் தெரியும். நாலு நாளா நீ ஓடிண்டிருக்கே. மூச்சு வாங்கறது உனக்கு." கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் விரல்களில் சதையே இல்லை. "டாக்டர் எத்தனை நாள்னு சொன்னார்? மக உங்கிட்ட சொல்லியிருப்பா. எங்கிட்ட சொல்லுடீ."

அந்த நேரத்தில் உன் கட்டிலில் நான், எதிரே நீ, வேறு யாரும் இல்லை. உன் மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாலும் அது பதிலாகியிருக்கும். இரண்டும் செய்யவில்லை.

"டாக்டரா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. மருந்து சாப்பிட்டாச் சரியாயிரும்னுதான் சொன்னா. நீ ஏன் கண்டதையும் நினைக்கே?" என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். ஹோட்டலில் அறை இல்லாதபோது வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற சிரிப்பு.

நீ என் கையை விட்டாய்.

"செரி. விட்டதெல்லாம் நாளைக்கு வந்து வாசி. ஆட்டுலேர்ந்து ஆரம்பி. ஓணத்துக்குள்ள முடியலேன்னா முடியாமப் போகட்டும்."

"வாரேன்" என்றேன்.

போகவில்லை. மறுநாள் பூராடம். ஹோட்டலில் கூட்டம் என்று உன் மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன். கூட்டம் இருந்தது உண்மை. ஆனால் மேனேஜர் அன்று காலையிலேயே, "சேச்சி, மதியத்துக்கு மேல் நீங்கள் போகலாம்" என்று சொல்லியிருந்தார். நான்தான் இருந்துகொள்கிறேன் என்றேன். அடுத்த நாள் உத்ராடம், கடைவீதியில் நிற்க இடமில்லை, வீட்டுக்குச் சாமான் வாங்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கறிகாய்ப் பையோடு உன் சந்து முனைவரை வந்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றிப் போனேன். திருவோணத்தன்று என் வீட்டில் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தபோது மணி மூன்றைத் தாண்டியது. பார்த்தேன். பார்த்துவிட்டு அடப்பிரதமன் பாயசம் எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

உன் எதிரே உட்கார்ந்து, நீ மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்பதை எதிர்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். வேறு எந்தக் காரணமும் கிடையாது.

அன்று மாலை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவிட்டம், காலை பத்து மணிக்கு உன் மகள் போன் செய்தாள். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் முந்தின நாள் பூக்களத்தை யாரோ தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் மகளும் நானும் மாடியில் உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை. பக்கங்களைத் தாவியது, நீ கேட்டது, நான் பொய் சொன்னது, மூன்று நாள் வராமல் இருந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, அம்மைக்கு மிதுனத்துலயே தெரியும், நான் உங்ககிட்ட வரதுக்கு முன்னாடியே."

"என்ன தெரியும்?"

"எல்லாம். நான் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டர்கிட்டே கேட்டிருக்கா. அவரும் சொல்லிட்டார். எங்ககிட்ட காட்டிக்கவே இல்லை. திருவோணத்தன்னைக்குக் காலையிலதான் எங்கிட்ட சொன்னா. உங்களைப் பத்தியும் சொன்னா."

"என்ன சொன்னா?"

அவள் சொல்ல யோசித்தாள். நான் விடவில்லை.

"'அவகிட்ட நானா கேட்டுப் பார்த்தேன். அவ சொன்னா ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்னு நினைச்சேன். சொல்ல மாட்டேங்கறா. பாவம், பயந்துட்டா'ன்னு சொன்னா."

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த மூன்று நாளும் மூன்று மணிக்கு முன்னாலேயே, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாயாம். உட்காரக்கூட முடியாத நிலையில். நாலு மணிக்கு, "போறும், படுக்க வை" என்பாயாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

உனக்குத் தெரியும் என்பது தெரிந்தால் என் பாரம் குறைந்திருக்கவேண்டும். நான் மறைத்ததால் உனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று என் வீட்டுக்காரர்கூடச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ என்னிடம் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை. என் வாயைத் திறப்பதற்காக. ஒரு கதவை நீயே தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், நான் அதைச் சிரித்துக்கொண்டே சாத்திவிட்டுப் போனேன். சாவதைப் பற்றிப் பேச உனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. மகளிடம் முடியாது. பதினெட்டு வருடம் எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் முடியும் என்று நம்பினாய்.

புத்தகத்தை வாசகசாலைக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நான் விட்ட பக்கங்களை வாசித்தேன். எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. அந்த ஆடு சாகவில்லை. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அதுவும் பின்னாலேயே போய், தலைமையாசிரியரின் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் தின்றுவிடுகிறது. யார் எந்த வகுப்பு என்றே தெரியாமல் போய், ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே வகுப்பாக உட்காருகிறது. கடைசியில் தலைமையாசிரியரே ஆட்டைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்க்கிறார். அதனால்தான் அது வாசலில் இல்லை. அங்கன்வாடியில் இருபத்தைந்து வருடம் இருந்த உனக்கு அந்தப் பதினோரு பக்கத்தை வாசித்திருந்தால் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் புரண்டிருப்பாய். வலிக்கிறது, நிறுத்து என்றிருப்பாய். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் உனக்குக் கிடைத்திருக்கவேண்டிய சிரிப்பு அது. நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். ரப்பர் எடுத்துப் பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். சில இடத்தில் அழுத்திப் போட்டிருந்தேன். தடம் போகவில்லை.

உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசிக்கலாமா என்று யோசித்திருக்கிறேன். உன் மகளும் வரச் சொன்னாள். செய்யவில்லை. அது எனக்காகச் செய்துகொள்வதாகத்தான் இருக்கும். உனக்கு ஒரு காது வேண்டிய நேரத்தில் தராமல், இப்போது என் குரலை நானே கேட்டு ஆறுதல் அடைவதில் என்ன இருக்கிறது?

அதனால் நீ கேட்டதற்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். மூன்று வருடம் தாமதம். ஆமாம், டாக்டர் சொன்னார். ஓணம் வரைக்கும்தான் என்று சொன்னார். எனக்குக் கர்க்கடகத்திலேயே தெரியும். உன்னிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. நீ இல்லாத ஊரில் நான் மறுபடியும் அந்த முதல் தீபாவளி மாதிரி ஆகிவிடுவேனே என்று பயமாக இருந்தது. இதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

போன நோன்பில் இத்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. டி.வி. தெரியவில்லை, பகல் நகரமாட்டேன் என்கிறது. "வாயிச்சு தரு மோளே" என்றார். மறுக்க வாய் வரவில்லை. மலையாளத்தில் ஒன்று எடுத்தேன். ஒரு கிணறு வெட்டப்படுகிற கதை, ஆறு மாதம் தோண்டியும் தண்ணீர் வராத கிணறு. காத்திருக்கிற மாதத்துக்குப் பொருத்தம் என்று தோன்றியது. அதில் சமையல் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் இப்போது நான் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. வருவது வரட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம்.

நோன்பு முடிந்தும் கதை முடியவில்லை. பெருநாளுக்குப் பிறகும் போய் வாசித்தேன். மெதுவாகத்தான் போகிறது. ஒவ்வொரு தாளைத் திருப்புவதற்கு முன்னாலும் அதன் மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். ஒரு தாள்தானா என்று தெரியவேண்டும். ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை தேய்க்கிறேன். விரல் தானாகச் செய்கிறது. இத்தா காத்திருந்து பார்த்துவிட்டு, "எந்தா தாமசம்?" என்கிறார். ஏன் இவ்வளவு நேரம் என்று.

"ஒண்ணுமில்லை இத்தா" என்கிறேன். "தாள் ஒட்டியிருக்கான்னு பார்க்கேன்."